ஒரு பல் தள்ளி நிற்கும் சக்கரம்

ஜனவரி 6, செவ்வாய்

ஆய்வகக் குறிப்பேட்டில் சொந்தக் கருத்து எழுதக்கூடாது என்று ஹாஜிரா மேடம் இன்று சொல்லிவிட்டார். 'இந்த டேப்லெட்டை வாங்கிய ஆள் முட்டாள்' என்று நேற்று எழுதியிருந்தேன். அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'வாங்கியது நான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதனால் இந்த நோட்டு. அளவுகள் அங்கே, மீதி இங்கே.

மேடம் மூளை விஞ்ஞானி. பார்க்கின்சன் நோய்க்கு ஒரு வகை மாத்திரை உண்டு. மூளையில் டோபமின் செய்யும் வேலையை அது செய்யும். நடுக்கம் குறையும், கால் எழும். ஆனால் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர்களுக்குக்கூட, அதோடு சூதாட்டப் பித்தும் பிடிக்கிறது. யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? மேடத்தின் கேள்வி அதுதான். அந்த நோயாளிகள் டேப்லெட்டில் ஆடப்போகும் ஆட்டத்தைச் செய்து கொடுப்பது என் வேலை.

பெங்களூரில் இரண்டு வருடம் ஒரு கேம் கம்பெனியில் இதே மாதிரிச் சக்கரங்களைத்தான் செய்தேன். அங்கே ஆளைப் பிடிப்பதற்குச் செய்தோம். கம்பெனியை மூடிவிட்டார்கள். இங்கே பிடிபடுவதை அளப்பதற்குச் செய்கிறோம். நிரல் ஒன்றேதான்.

ஜனவரி 9

மூன்று சக்கரங்கள். மாங்காய், மணி, பூட்டு என்று படங்கள். மூன்றும் ஒன்றானால் வெற்றி. பணம் கிடையாது, வெறும் புள்ளிகள். இரண்டு ஒத்துப்போய் மூன்றாவது ஒரே ஒரு இடம் தள்ளி நின்றால், அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நூலிழைத் தோல்வி. தோல்விதான். ஆனால் மூளை அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. மறுபடி ஆடத் தூண்டுவது வெற்றியைவிட இதுதான்.

பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிடும். நூறில் முப்பது நூலிழை. மூன்றாவது சக்கரம் மெதுவாகி நிற்க 1.4 விநாடி. அந்த 1.4-ஐக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. 1.1 வைத்தால் ஒன்றும் தோன்றாது, 1.8 வைத்தால் சலிப்பு. 1.4-இல் நெஞ்சு ஒரு கணம் நிற்கிறது. நல்ல வேலை. நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனவரி 15, பொங்கல்

அப்பா தனியாகக் கடைக்குப் போய்க் கரும்பு வாங்கிவந்தார். குனியமுத்தூர் மெயின் ரோட்டைத் தாண்டி! தோளில் இரண்டு கழி. அம்மா வாசலில் நின்று அழுதாள். "பொங்கலும் அதுவுமா எதுக்குடி அழுகற, கரும்பு இனிக்குதான்னு பாரு" என்றார்.

போன வருடம் இதே நாளில் குளியலறை வாசலில் பத்து நிமிடம் நின்றார். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், வராது. உறைதல் என்பார்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முதுகில் கை வைத்துத் தள்ளினேன். விழுந்தார். உதட்டில் இரண்டு தையல்.

நவம்பரில் புது மாத்திரை தொடங்கியது. பாலக்காடு ரோட்டில் இருக்கும் நரம்பு டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்து எழுதிக்கொடுத்தார். இரண்டு நிமிடமோ, இருபது நிமிடமோ, அப்பா நடக்கிறார்.

ஆமாம், அதே வகை மாத்திரைதான். அப்பா முப்பத்தைந்து வருடம் மில்லில் ஃபிட்டர். சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே மூணு சீட்டு நடக்கும் பக்கம் திரும்பியே பார்க்காதவர். அவர் அந்த வகை இல்லை.

ஜனவரி 17

ஒரு சிக்கல். நடுங்கும் விரல் ஒரு தடவை தொட்டால் டேப்லெட் அதை மூன்று தடவையாக எடுத்துக்கொள்கிறது. உதறலை வடிகட்டும் நிரல் எழுதிவிட்டேன், சோதிக்க நடுங்கும் விரல் வேண்டும். ஆய்வகத்தில் இருப்பதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகளின் விரல்கள்.

நோயாளி ஒருவரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். நெறிமுறைக் குழு அனுமதி ஏப்ரலில்தான் வரும், அதுவரை நோயாளி யாரும் இதைத் தொடக்கூடாது, டேப்லெட் இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்றார் மேடம்.

"பொத்தான் சரியா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்குக்கூடவா மேடம்?"

"பொத்தானுக்குப் பின்னாடி மூளை இருக்கு தரணி. அதுக்குத்தான் குழு."

ஒரு பொத்தானுக்கு மூன்று மாதம். இந்த நாட்டில் வேலை நடக்காததற்கு வேறு காரணமே வேண்டாம். உதிரி டேப்லெட் ஒன்று அலமாரியில் கிடந்தது. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

காலை காபி முடிந்ததும் அப்பாவிடம் கொடுத்தேன். வலது கட்டை விரல். வடிகட்டி அருமையாக வேலை செய்கிறது. நூறு தொடுதலில் தொண்ணூற்று எட்டு சரி.

"இது என்றா மெசினு?"

"என்ற வேலைங்ப்பா. நாந்தான் பண்ணுனது."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு முட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தார். "டேய், மூணாவது சக்கரம் ஒரு பல்லு தள்ளியே நிக்குது பாரு. பல்லு தேஞ்சிருக்கும். பிரிச்சுப் பாக்கோணும்."

"அதுல பல்லே கெடையாதுங்ப்பா. படம்."

"படமோ என்னமோ. தேஞ்சிருக்குது." மறுபடி தொட்டார். "பாத்தியா? இன்னும் ஒண்ணுதான். ஒரே ஒரு பல்லு."

சிரித்தேன். இரண்டு நாள் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டுப் போனேன்.

ஜனவரி 24

அப்பா பிழைப் பட்டியல் கொடுத்தார். பழைய மில் லாக்புக் தாளில், நடுங்கும் எழுத்தில், எண் போட்டு ஏழு பிழைகள். ஆறு உண்மையான பிழைகள். பெங்களூர் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு சோதித்தவர்கள் இதில் பாதிகூடச் சொன்னதில்லை. ஏழாவது: 'மூன்றாவது சக்கரம். மேற்படி.' பழைய பல் புகார்தான்.

பிப்ரவரி 3

அம்மா: "அந்தப் பலகையத் திருப்பிக் கொண்டுபோயிரு தரணி. பொழுதன்னைக்கும் அதையே நோண்டீட்டு இருக்கறாரு. சோறு ஆறிப்போகுது."

"சும்மா உக்காந்து செவுத்தப் பாத்தப்ப அதுக்கும் அழுத. இப்ப இதுக்கா?"

சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். எது நடந்தாலும் குறை.

பிப்ரவரி 12, வியாழன்

மேடத்திடம் முன்னோட்டத் தரவைக் காட்டினேன். ஆறு கல்லூரிப் பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் சோம்பேறித்தனமான ஒரு வளைகோடு. ஏழாவது கோடு மட்டும் தனி. ஒவ்வொரு நூலிழைத் தோல்விக்குப் பிறகும் அடுத்த தொடுதல் வேகமாகிறது. படிப்படியாக, ஆயிரக்கணக்கான ஆட்டங்களில். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக வராது.

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "யாரிது, ஏழு?"

"தொண்டர் மேடம். கொஞ்சம் வயசானவர்."

"வேற நோய் எதுவும்?"

"இல்ல மேடம்."

"அழகா இருக்கு" என்றார். நிதிக்குழுக் கூட்டத்தில் இந்தப் படத்தைத்தான் முதலில் காட்டப்போகிறாராம். சொன்னது பொய்தான். ஆனால் தரவு உண்மை. குழு அனுமதி வந்ததும் முறையாக இன்னொரு முறை எடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

பிப்ரவரி 20

நிதி கிடைத்தது. அறையில் எல்லோருக்கும் பிரியாணி. எனக்கு இன்னும் இரண்டு வருட வேலை உறுதி. அப்பாவுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெச்சுட்டுப் போ கண்ணு" என்றார். ராத்திரி படுக்கப் போகும்போதும் அப்படியே இருந்தது.

மார்ச் 9, திங்கள்

நோயாளிகளின் வீட்டாரிடம் கேட்க ஒரு படிவம் தேவை. தமிழில் எழுதும் வேலை என் தலையில். சாதாரண வீட்டுப் பெண்ணுக்குப் புரிய வேண்டும் என்றார் மேடம். சாயங்காலம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன்.

ஒன்று: 'முன்பு இல்லாத ஏதேனும் ஒரு பழக்கத்தில் நோயாளி சமீப காலமாக அதிக நேரம் செலவிடுகிறாரா?'

"அதான் பொழுதன்னைக்கும் நோண்டீட்டு இருக்கறாரே."

"அம்மா, அப்பாவப் பத்திக் கேக்கல. கேள்வி புரியுதான்னு மட்டும் சொல்லு."

"புரியாமயா பதில் சொன்னே?"

இரண்டு: 'அதை நிறுத்தச் சொன்னால் எரிச்சலடைகிறாரா?'

"முந்தாநேத்து அத எடுத்துப் பீரோவுல வெச்சேன். டம்ளரத் தூக்கி வீசுனாரு. முப்பது வருசத்துல என்ற மேல ஒரு கை ஓங்குனதில்ல அந்த மனுசன்."

'எரிச்சலடைகிறாரா' என்பதைவிடக் 'கோபப்படுகிறாரா' என்பது எளிது. மாற்றினேன்.

மூன்று: 'செலவையோ பொருட்களையோ வீட்டாரிடம் மறைக்கிறாரா?'

கத்தியைக் கீழே வைத்தாள். "பேங்க் புஸ்தகம் எங்கன்னா தெரீலங்கறாரு. அவருக்குத் தெரியாம எங்க போகும்?"

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அதனால்தான் குழம்புகிறாள். செலவு தனி, பொருள் தனி என்று பிரிக்க வேண்டும்.

நான்கு: 'ஒரே பொருட்களைத் திரும்பத் திரும்பப் பிரிப்பது, அடுக்குவது, வரிசைப்படுத்துவது உண்டா?'

"ஆணி டப்பாவக் கொட்டி அளவு பாத்து அடுக்கறாரு. மறுக்கா கொட்டறாரு. மறுக்கா அடுக்கறாரு."

"அவரு ஃபிட்டர்ம்மா. அப்படித்தான் இருப்பாரு."

ஐந்து: 'மாற்றத்தை முதலில் கவனித்தவர் யார்? எப்போது? யாரிடம் சொன்னார்?'

வெங்காயக் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கேள்விகளை ஒன்றில் அடைத்தால் யாரும் திணறத்தான் செய்வார்கள். பிரித்துவிட்டேன். மற்றபடி மொழி சரி. நாளை மேடத்திடம் கொடுக்க வேண்டும்.

மார்ச் 16

இருப்புக் கணக்கெடுப்பு. உதிரி டேப்லெட் அலமாரியில் இருந்தாக வேண்டும். காலையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா கதவு வரை வேகமாக நடந்து வந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து பார்த்து வருடக்கணக்காகிறது.

"சித்த இரு. ஒரு தடவ. ஒரே ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்தர்றேன்."

"நேரமாச்சுங்ப்பா."

"இன்னும் ஒண்ணுதான்டா தரணி."

கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. பிடி நல்ல உறுதி. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது.

மார்ச் 23

அப்பா காலையும் மாலையும் நடக்கப் போகிறார். டேப்லெட்டை எடுத்ததும் நல்லதற்குத்தான். அம்மாவிடம் சொன்னேன், "பாத்தியா?" என்று.

ஏப்ரல் 2

வெர்னியர் காலிபர் தேவைப்பட்டது, அப்பாவின் கருவிப் பெட்டியில் எடுக்கலாம் என்று பார்த்தால் பெட்டியே இல்லை. ரிட்டயர் ஆனபோது மில்லில் கொடுத்த கடிகாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தவர். யாரையும் தொடவிட மாட்டார். கேட்டேன்.

"நம்ம மில்லு செல்வராசுக்குக் குடுத்திருக்கறேன். பையனுக்கு ஒர்க்ஷாப்பு வெக்கறான்."

"எப்பத் தருவாரு?"

"தருவான்."

இப்போது காலை பத்து மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருகிறார். செருப்பின் அடி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. புதுசு வாங்கித் தர வேண்டும். பார்க்கின்சன் நோயாளிக்குச் செருப்பு தேய்கிறது. மேடத்திடம் சொன்னால் சந்தோஷப்படுவார். சொல்ல முடியாது.

ஏப்ரல் 10

அனுமதி வந்துவிட்டது. முதல் நோயாளிகள் அடுத்த வாரம்.

ஏப்ரல் 17, வெள்ளி

பகல் ஒன்றரைக்கு ஒரு போன். தெரியாத எண். மலையாளம் கலந்த தமிழ்.

"சாரே, வாளையாறுலேர்ந்து பேசறேன். இங்க ஒரு பெரியவரு. நின்ன எடத்துல நிக்குறாரு. ஒரு மணிக்கூரா அனங்கல. பாக்கெட்டுல உங்க நம்பர் இருந்தது."

"அப்பாவா? எங்க நிக்கறாரு?"

"என்ட கடை முன்னாடி. லாட்டரிக் கடை."

"வழி தப்பி வந்திருப்பாரு. நடக்கப் போறவரு..."

"வழி தப்பியா? நம்ம வெள்ளிங்கிரியண்ணன் சாரே. டெய்லி வரும். பதினொண்ணே கால் பஸ்ஸுல எறங்கும், ரெண்டு மணி பஸ்ஸுல கேறும்."

பைக்கில் போனேன். கேரள எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வரிசையாகக் கடைகள், பலகைகளில் கேரளா லாட்டரிச் சீட்டுகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது கடை முன்னால், ஒரு கால் முன்னே வைத்தபடி, வெயிலில் அப்பா. மத்தியான மாத்திரையை மறந்திருக்கிறார். யாரோ ஒரு குடையை விரித்துக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சொருகியிருந்தார்கள். வேட்டி நனைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் உதடு மட்டும் அசைந்தது. "மூணு மணிக்கு குலுக்கல்" என்றார். "ரிசல்ட் பாத்துட்டுப் போயிரலாம்."

அவர் சட்டைப் பையிலேயே இருந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்யும் வரை நாற்பது நிமிடம் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் பெஞ்சு போட்டார், தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் விக்கறவன் சாரே" என்றார், கேட்காத கேள்விக்கு.

அப்பாவின் பையில் சீட்டுகள். மில் நூலால் கட்டிய கட்டுகள், அளவு பார்த்து அடுக்கியவை. எல்லாம் குலுக்கல் முடிந்த செல்லாச் சீட்டுகள். இதை ஏன் வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பார்த்தேன். பரிசு எண்ணைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சீட்டும் அதிலிருந்து ஒரே ஓர் இலக்கம் தள்ளி. சுத்தமாகத் தோற்ற சீட்டுகளை எறிந்துவிட்டு, நூலிழையில் போனவற்றை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 18

அம்மா பீரோவின் அடியிலிருந்து பேங்க் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவளே தேடிக் கண்டுபிடித்து மார்ச் கடைசியிலேயே வைத்திருக்கிறாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னேனே" என்றாள்.

கடைசி வரியில் இருந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. பெட்டி செல்வராஜிடம் இல்லை. உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறார்.

உதிரி டேப்லெட்டின் முழுப் பதிவை இன்றுதான் திறந்து பார்த்தேன். வளைகோட்டுக்குத் தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தேதியும் மணியும் இருந்த நெடுவரிசையை விட்டுவிட்டிருந்தேன். மார்ச் 4 அன்று காலை 9.10-லிருந்து மாலை 4.05 வரை. இரண்டு தொடுதலுக்கு இடையே இருந்த மிக நீண்ட இடைவெளி நாற்பது விநாடி. மொத்தம் ஐம்பத்தெட்டு நாளில் அறுபத்தோராயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள்.

ஒவ்வொன்றிலும் 1.4 விநாடி.

ஏப்ரல் 20, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"ஏழு, உங்க அப்பாவா?"

"ஆமா மேடம்."

"மாத்திரையோடவா?"

"நவம்பர்லேர்ந்து."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்றரை வருஷமா இந்த அறையில காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பார்க்கின்சன்ஸ் பத்தித்தான் பேசறோம். வீட்ல ஒருத்தருக்கு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே தரணி?"

"வேலைக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு நெனச்சேன் மேடம்."

"குடும்பத்தார் படிவத்தைத் தமிழ்ல எழுதினது யாரு?"

"நான்தான்."

"யார்கிட்டப் படிச்சுக் காட்டி சரிபார்த்தீங்க?"

என் பதில் அவருக்குத் தேவைப்படவில்லை.

பிறகு, "அந்தக் கோட்டைப் பாத்ததும் எனக்கும் தோணிச்சு" என்றார். "ஆரோக்கியமான மூளை இப்படி வரையாது. தெரியும் எனக்கு. ஒரு தடவை கேட்டேன், நீங்க இல்லைன்னீங்க, அதுக்கு மேல கேக்கலை. கோடு அழகா இருந்துச்சு."

என் முன்னாலேயே நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் தட்டினார். என் பெயர், அவர் பெயர் இரண்டும் அதில் இருக்கின்றன. நிதியைத் திருப்பித் தரவேண்டி வரும். எனக்கு இன்றோடு வேலை முடிந்தது. கிளம்பும்போது கூப்பிட்டார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வேறு மாதிரி ஆகும் என்று சொல்லி, தனக்குத் தெரிந்த ஒரு நரம்பு டாக்டரின் எண்ணை எழுதிக்கொடுத்தார். "இவர் கேள்வி கேப்பார். பொறுமையா பதில் சொல்லுங்க."

ஏப்ரல் 23

புது டாக்டர். ஐம்பது நிமிடம். மாத்திரையை ஐந்து வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும். வேறு மருந்து தருவார், ஆனால் இந்த அளவுக்கு நடை வராமல் போகலாம்.

அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். திடீரென்று, "நடக்கறது போயிருமுங்களா?" என்றார்.

"சொல்ல முடியாதுங்க. குறையலாம்."

"அப்பக் குறைக்க வேண்டாமுங்க. நான் வாளையாறு போகல. சத்தியமாப் போகல. பஸ் ஏறலீங்க."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். குறைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். வீட்டில் இருக்கும் மாத்திரைகள் இனி என் அறையில், பூட்டுப் போட்ட பெட்டியில்.

மே 4

பாதி அளவு. காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். கை மறுபடி நடுங்குகிறது. டிவி வேண்டாம், பேப்பர் வேண்டாம்.

மே 8

குளியலறை வாசலில் நின்றார். பதினைந்து நிமிடம்.

மே 12

பிற்பகல். கரண்ட் இல்லை. அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அவர் வலது கட்டை விரல் நாற்காலிக் கையை அழுத்திக்கொண்டே இருந்தது. நடுக்கம் இல்லை அது. நடுக்கத்தின் வேகம் எனக்குத் தெரியும். அழுத்துவார், கொஞ்சம் காத்திருப்பார், மறுபடி அழுத்துவார்.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அப்பா. அந்த மூணாவது சக்கரம் தானா நிக்கலீங்ப்பா. நீங்க தொடறதுக்கு முன்னாடியே முடிவு எழுதியிருக்கும். நூத்துல முப்பது தடவ ஒரு எடம் தள்ளி நிக்கற மாதிரி நாந்தான் வெச்சேன். இன்னும் ஒண்ணுல ஜெயிச்சிருவோங்கறது அதுல இல்லவே இல்ல."

விரல் நின்றது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. இந்த நோயில் முகம் இறுகிவிடும், தெரியாது.

"தெரியும்டா" என்றார்.

"என்னங்ப்பா?"

"முப்பத்தஞ்சு வருசம் மெசின் பாத்தவன். தேஞ்ச பல்லு சமயத்துல நல்லாவும் நிக்கும். இது எண்ணி வெச்சாப்புல நின்னுது. ரெண்டாவது நாளே தெரிஞ்சுபோச்சு, எவனோ வேணும்னே பண்ணீருக்கறான்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எழுதிக் குடுத்தேனல்ல. ஏழாவதா. மேற்படின்னு. ஒவ்வொரு தடவையும் அதேதான்னு."

"தெரிஞ்சுமா ஆடுனீங்க?"

"தெரிஞ்சா விட்ற முடியும்னு நீ நெனைக்கறயா?"

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. விரலும்.

மே 19

புது டாக்டரிடம் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. என் தமிழ். மேடம் கொடுத்திருக்க வேண்டும், இங்கேயும் பயன்படுத்துகிறார்கள். 'கோபப்படுகிறாரா' என்றுதான் இருந்தது. செலவு தனி, பொருள் தனி. தெளிவான கேள்விகள், யாருக்கும் புரியும்.

ஒன்று முதல் ஐந்து வரை: ஆம்.

ஆறு: மாற்றத்தை முதலில் கவனித்தவர் யார்? ராஜாமணி, மனைவி.

ஏழு: எப்போது? தேதி நினைவில்லை. இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பிப்ரவரி 3.

எட்டு: யாரிடம் சொன்னார்? மகனிடம்.

ஒன்பதாவது, பிரித்தபோது நானே சேர்த்த கேள்வி; பதிலுக்கு ஒரு வரிதான் இடம் விட்டிருந்தேன். 'அதன் பிறகு என்ன செய்யப்பட்டது?' அந்தக் கேள்வியைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மே 31, ஞாயிறு

மாத்திரை முழுவதும் நின்று இரண்டு நாள்.

தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் உறைந்த கால் தாண்டிவிடும் என்று படித்திருக்கிறேன். ஏன் என்று விளக்கவும் தெரியும். கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி, அவர் நாற்காலியிலிருந்து குளியலறை வரை ஒட்டினேன். ஒன்றரை அடிக்கு ஒன்று, ஒன்பது கோடுகள். அம்மா டேப்பைப் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது.

அப்பா எழுந்தார். முதல் கோட்டைப் பார்த்துக் காலைத் தூக்கினார். தாண்டினார். இரண்டு. மூன்று. ஐந்தாவதில் கொஞ்சம் தயங்கி, தாண்டினார். ஏழு. எட்டு.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றுவிட்டார். கதவுக்கு ஓரடி தூரம். கால் நடுங்கியது, எழவில்லை.

நான் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. வேட்டியின் ஓரம் நனைந்து, ஈரம் எட்டாவது கோட்டுக்கு மேல் பரவியது. அம்மா துணி எடுத்து வர உள்ளே போனாள்.

அப்பா அந்த ஒன்பதாவது கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் தொடையில் அழுத்தியது.

"இன்னும் ஒண்ணுதான்டா" என்றார்.